துடுப்பைத் தொடுமுன்: ஒரு பிள்ளையோடு முதல் காட்டுப் படகுப் பயணம்



முகாம் நடத்துவது நமக்குப் புதிதல்ல. இருபது பேரை வேனில் ஏற்றி, அரிசி பருப்போடு ஆற்றங்கரைக்குப் போய், கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். கணக்கு முழுக்க மாறிவிடும். நாம் பசி தாங்குவோம், பிள்ளை தாங்காது. நமக்குக் களைப்பு வந்தால் சொல்வோம். பிள்ளைக்குக் களைப்பு வந்தால் அது அழுகையாகவோ அடமாகவோதான் வெளியே வரும். தண்ணீரில் ஏதாவது நடந்தால் நமக்கு யோசிக்க நேரம் இருக்கலாம், பிள்ளைக்கு இருக்காது.

என் அக்கா மகளோடு, வீட்டில் எல்லாருக்கும் அவள் ‘பாப்பா’தான், பகாங் மாநிலத்தின் பெரா ஏரிக்குக் கேனோ படகுப் பயணம் போவதற்கு நான் மூன்று மாதம் திட்டமிட்டேன். படகில் இருந்த நேரமோ மொத்தமே ஆறு மணிக்கும் குறைவு. “இதுக்கு மூணு மாசமா?” என்று கேட்காத ஆள் இல்லை. அந்த மூன்று மாதத்தில் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதுதான் இந்த மாதப் பாடம். வீட்டில் தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகள் இருப்பவர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

1. “தண்ணியில கண்டம்”

திட்டத்தின் முதல் தடை ஏரியில் இல்லை, வீட்டுச் சமையலறையில் இருந்தது. என் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “பொறந்தப்பவே ஜாதகத்துல தண்ணியில கண்டம்னு எழுதியிருக்கு. பேசாம பிள்ளைய மாலுக்குக் கூட்டிட்டுப் போ.”

இந்த வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்யவில்லை. ஜாதகத்தை நம்புவது நம்பாதது அவரவர் விருப்பம். ஆனால் அம்மாவின் பயம் ஒரு உண்மையைத் தொடுகிறது: நீந்தத் தெரியாத பிள்ளைக்குத் தண்ணீர் ஆபத்துதான். எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும் ஆபத்துதான்.

பிள்ளையைத் தண்ணீரிலிருந்து ஆயுள் முழுக்க ஒதுக்கி வைக்கவும் முடியாது. பள்ளிச் சுற்றுலா வரும், கூட்டாளிகளோடு நீர்வீழ்ச்சிக்குப் போகும் வயது வரும். அன்று பெற்றோர் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அதனால் அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன்: “கண்டம் இருக்குன்னே வச்சுக்குவோம்மா. அப்போ மத்த பிள்ளைங்களுக்கு முந்தி இவதானே நீச்சல் கத்துக்கணும்?” அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்துக்குத் துண்டு எடுத்து வைத்தது அவர்தான்.

பாடம் இதுதான்: வீட்டுப் பெரியவர்களின் பயத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். அதை உங்கள் திட்டத்தின் முதல் நிபந்தனையாக எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஏன் ஆறு வேண்டாம், ஏன் ஏரி?

முதல் பயணத்துக்கு ஓடும் ஆற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். காரணம், நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ‘கெபாலா ஆயர்’. மலையில் மழை பெய்யும், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே சேர்ந்த தண்ணீர் திடீரென்று மரக்கிளை, கல், சேறு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கும். தண்ணீர் கலங்குவது, இலை தழைகள் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். பெரியவர்கள் பார்த்தவுடன் கரைக்கு ஓடலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வேறு கதை. தவிர, ஆற்றில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. ஏரியில் முடியும்.

பெரா ஏரி கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் 1994-ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட மலேசியாவின் முதல் இடம் இது. பதிவான பரப்பு 38,446 ஹெக்டர். ஏரி என்றதும் வட்டமாக ஒரு தண்ணீர்ப் பரப்பைக் கற்பனை செய்யாதீர்கள். பாதி காடு, பாதி தண்ணீர். தாழம்பூ குடும்பத்தைச் சேர்ந்த ரசாவ் செடிகள் தண்ணீரிலேயே புதர் புதராக நிற்கும். அவற்றுக்கு நடுவே சந்து மாதிரி நீர்வழிகள் போகும். விழுந்த இலைகளின் சாறு இறங்கித் தண்ணீர் ‘தே ஓ’ நிறத்தில் இருக்கும். அது அழுக்கு இல்லை, இயற்கையான நிறம்.

அழகான இடம்தான். ஆனால் புதியவருக்கு எல்லாச் சந்தும் ஒரே மாதிரி தெரியும். அதனால் வழிகாட்டி இல்லாமல் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே பரம்பரையாக வாழ்பவர்கள் செமெலாய் பூர்வகுடி மக்கள். ஒரே மரத்தைக் குடைந்து படகு செய்து அந்தத் தண்ணீரில் வாழ்ந்தவர்கள். எங்களோடு வந்த வழிகாட்டியைப் பாப்பா முதல் நாளிலிருந்தே “பாக்சிக்” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எங்கே இறங்கலாம், எங்கே தண்ணீரில் கையைக்கூட விடக் கூடாது என்பதில் அவர் சொல்வதுதான் சட்டம். பெரியவர்கள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

காலமும் முக்கியம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. பகாங் வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் ஜூலை மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

3. கரையிலேயே பாதிப் பயணம்

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒத்திகைக்கு ஒதுக்கினோம்.

முதல் வாரம்: நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு மிதப்பது. மல்லாந்து, கையை விரித்து, ஐந்து நிமிடம். முகத்தில் தண்ணீர் பட்டால் பதறக் கூடாது என்பது மட்டும்தான் பாடம்.

இரண்டாம் வாரம்: குள நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, முழு உடையோடு, காலணியோடு தண்ணீரில் இறங்குவது. நனைந்த உடை எவ்வளவு இழுக்கும் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

மூன்றாம் வாரம்: நகரத்து ஏரிப் பூங்கா ஒன்றில் படகை வாடகைக்கு எடுத்து முழங்கால் ஆழத்தில் வைத்துக்கொண்டோம். “படகுல எழுந்து நிக்காதே” என்று நூறு முறை சொல்வதற்குப் பதிலாக, “எழுந்து நில்லு பாப்போம்” என்றேன். நின்றாள், படகு சாய்ந்தது, தொப்பென்று விழுந்தாள், சிரித்தாள். அதன் பிறகு ஒரு தடவைகூட அவள் படகில் எழுந்து நிற்கவில்லை. எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு படகு நிலையாக இருக்கும். எங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. பாப்பாவுக்கு மூன்று விநாடி போதுமானதாக இருந்தது.

நான்காம் வாரம்: படகைக் கவிழ்க்கும் ஒத்திகை. கவிழ்ந்தால் என்ன செய்வது? ஒன்று, படகைப் பிடித்துக்கொள். இரண்டு, விசிலை மூன்று முறை ஊது. மூன்று, மாமா வரும்வரை நீந்திப் போகாதே. பிள்ளைக்கு மூன்று கட்டளைக்கு மேல் கொடுக்காதீர்கள். அவசரத்தில் நான்காவது ஞாபகம் வராது.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் 50, 100 என்று எண் போட்டிருக்கும். அது மிதக்கவைக்கும் விசையின் தரம். 50 என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நீச்சலில் தேறாத பிள்ளைக்குக் கழுத்துப் பட்டையோடு கூடிய 100 தரம் நல்லது, முகத்தை மேலே திருப்பிவைக்க அது உதவும். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். காலுக்கு இடையே போகும் பட்டை இருக்க வேண்டும். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறி வந்தால் அது பெரிய அளவு. “வளருவா, இருக்கட்டும்” என்று பள்ளிச் சீருடை வாங்குவது மாதிரி இதை வாங்கக் கூடாது. இன்னொன்று: பயத்தில் பிள்ளையைக் கயிற்றால் படகோடு கட்டிவிடாதீர்கள். கவிழ்ந்தால் அந்தக் கயிறே எமனாகிவிடும்.

4. மூன்று கணக்கு

பொறியியல் மாணவன் எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாமல் எப்படி? பயப்படாதீர்கள், மூன்றாம் வகுப்புக் கணக்குதான்.

எடைக் கணக்கு: எங்கள் படகில் தாங்கும் எடை 300 கிலோ என்று போட்டிருந்தது. நான் 200 கிலோவை எல்லையாக வைத்தேன். பாலம் கட்டும்போதுகூட வரப்போகும் சுமைக்குச் சரியாக யாரும் கட்டுவதில்லை, அதைவிடக் கூடுதல் சுமைக்குத்தான் கட்டுவார்கள். இதைப் பாதுகாப்புக் காரணி என்போம். நான் 64, அத்தான் 78, பாப்பா 23. மொத்தம் 165. குடிநீர் 6 லிட்டர், அதாவது 6 கிலோ. சாப்பாடு, முதலுதவிப் பெட்டி, மாற்று உடை எல்லாம் சேர்த்து இன்னும் 10. ஆக 181. கூடாரத்தைப் படகில் ஏற்றவே இல்லை. அதைக் கரையில், வழிகாட்டியின் வீட்டுப் பக்கத்திலேயே அடித்தோம். முதல் பயணத்தில் இரவு ஓரிடம், பகலில் படகு என்று வைத்துக்கொண்டால் சுமை பாதியாகிவிடும். பாப்பா படகின் நடுவில், தரையில் மெத்தைத் துண்டு போட்டு உட்கார்ந்தாள்.

தூரக் கணக்கு: இரண்டு பெரியவர்கள் மட்டும் துடுப்புப் போட்டால் மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம். பிள்ளை இருந்தால் நான் மணிக்கு 2 என்றுதான் போடுவேன். இருவாட்சிப் பறவையைப் பார்க்க நிற்க வேண்டும், தண்ணீர் குடிக்க நிற்க வேண்டும், ‘அவசரம்’ என்றால் கரை தேட வேண்டும். ஒரு நாளைக்குத் தண்ணீரில் மூன்று மணி நேரம், அதற்கு மேல் இல்லை. அதிலும் போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு. எதிர்க்காற்று, களைப்பு, அழுகை எல்லாம் திரும்பும்போதுதான் வரும். ஆக, போக ஒரு மணி நேரம், தூரம் 2 கிலோமீட்டர். அவ்வளவுதான். வரைபடத்தில் பார்த்தால் அது ஒரு விரல் நகம் அளவு.

இடிக் கணக்கு: நம் நாட்டில் உள்நிலப் பகுதிகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அதனால் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, எப்படியும் பன்னிரண்டுக்குள் கரையில் இருக்க வேண்டும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மறுபடி இறங்கக் கூடாது.

5. பிள்ளைக்கு ஒரு வேலை

பெரியவர்கள் பயணம் போக, பிள்ளை சும்மா சாமான் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தால் அரை மணி நேரத்தில் சலிப்பு வந்துவிடும். சலித்த பிள்ளை நெளியும், நெளிந்தால் படகு ஆடும். ஆகவே வேலை கொடுங்கள். அதுவும் பொய்யான வேலை வேண்டாம், உண்மையான வேலை.

பாசார் மாலாமில் வாங்கிய ஒரு கைக்கடிகாரத்தைப் பாப்பாவிடம் கொடுத்து, “நீதான் நேரக் காவலர். பத்து மணி ஆச்சுன்னா படகு திரும்பணும். அதைச் சொல்ற அதிகாரம் உனக்குத்தான்” என்றோம். நாங்கள் எங்கே இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்து மணி என்றால் பத்து மணி.

இரண்டாம் நாள் காலையில் அதற்குச் சோதனை வந்தது. ரசாவ் புதர்களுக்கு நடுவே குறுகலான வழியில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் வழி அகலமாகி, திறந்த தண்ணீர் வெள்ளிபோல் தெரிந்தது. இன்னும் இருநூறு மீட்டர் இருக்கலாம். அப்போது நடுவிலிருந்து குரல்: “மாமா, மணி பத்து.”

அத்தான் திரும்பிப் பார்த்தார். “இன்னும் அஞ்சு நிமிஷம்தான்டா பாப்பா. அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்.”

“நீங்கதானே சொன்னீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும்னு?”

எனக்கும் போக ஆசைதான். வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, கையில் பலம் இருக்கிறது. ஆனாலும் துடுப்பை மறுபக்கம் மாற்றிப் படகைத் திருப்பினோம். முன்னே போன பாக்சிக் எதுவும் கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டுத் தன் படகையும் திருப்பினார். பதினொன்று இருபதுக்குக் கரை சேர்ந்தோம்.

அன்று மழை வந்ததா? வரவில்லை. மாலைவரை நல்ல வெயில். “பாத்தியா, போயிருக்கலாம்” என்று அத்தான் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் நண்பர்களே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாலத்தில் எதிர்பார்த்த சுமை வராமல் போனால், அதைப் பலமாகக் கட்டியது வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு முடிவு சரியா என்பதை அன்றைக்கு மழை வந்ததா என்று வைத்து முடிவு செய்யக் கூடாது. கரையில் நிதானமாக யோசித்துக் கொடுத்த வார்த்தையைத் தண்ணீரில் ஆசை வரும்போது காப்பாற்றினோமா என்பதுதான் கேள்வி. அன்று பெரியவர்கள் இருவரும் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டோம். பத்து வருடம் கழித்துக் கூட்டாளிகள் “வா, ஒண்ணும் ஆகாது” என்று நீர்வீழ்ச்சிக்குக் கூப்பிடும்போது, “நேரம் ஆச்சு, திரும்புவோம்” என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு இது ஆரம்பம்.

6. சின்னச் சின்ன விஷயங்கள்

குடிநீர்: ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. பிள்ளை தாகம் என்று கேட்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு கொடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு கையில் இருக்கட்டும்.

சாப்பாடு: பழகிய சாப்பாடே போதும். புளிச்சோறு, வாழைப்பழம், பிஸ்கட், இரவில் சூடாக மைலோ. காட்டில் புது உணவைப் பரிசோதிக்க வேண்டாம்.

எலிக் காய்ச்சல்: நம் ஊரில் ‘கெஞ்சிங் தீக்குஸ்’ என்பார்கள். எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேறு மூலமாகத் தொற்றும். உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். சாப்பிடுமுன் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவ வேண்டும். வீடு திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், “ஏரிக்குப் போயிருந்தோம்” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அட்டை, கொசு, இருட்டு: மூன்றைப் பற்றியும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். நீளக்கை சட்டை, தொப்பி, கொசு மருந்து வேண்டும். பிள்ளைக்கென்று தனி டார்ச் விளக்கு கொடுங்கள். இரவில் தவளைச் சத்தத்துக்கே பாப்பா எழுந்துவிட்டாள். விளக்கு அவள் கையில் இருந்ததால் அழவில்லை. கூடாரத்துக்கு வெளியே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள்.

வீட்டில் ஒரு தாள்: காட்டுக்குள் கைப்பேசியில் லைன் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. யார் யார் போகிறோம், எந்த வழி, படகின் நிறம், வழிகாட்டியின் எண், எத்தனை மணிக்குள் தகவல் சொல்வோம், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் 999-க்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, “இப்பதான்டா நிம்மதி” என்றார். ஒரு தாய்க்கு “பயப்படாதேக்கா” என்று சொல்வதைவிட, எப்போது பயப்பட வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பது பெரிய உதவி.

7. வெற்றிக்கு அளவுகோல் எது?

எத்தனை கிலோமீட்டர் போனோம் என்பது இல்லை. எத்தனை படம் பிடித்தோம் என்பதும் இல்லை. பிள்ளை மறுபடி போகலாமா என்று கேட்கிறதா? அது ஒன்றுதான் அளவுகோல். முதல் பயணத்தில் பிள்ளையை மிரட்டிவிட்டால், வாழ்நாள் முழுக்க அது தண்ணீரையும் காட்டையும் விட்டு விலகி ஓடும். ஆசை மிச்சம் இருக்கும்போதே திரும்பினால், அடுத்த பயணத்தை அதுவே ஏற்பாடு செய்யும். பாப்பா இப்போது நீச்சல் வகுப்பில் இரண்டாம் நிலையில் இருக்கிறாள். வகுப்புக்கு அழைத்துப் போவது அம்மா.

குழுவில் செய்து பார்க்க:

1. உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள்? அவர்களில் எத்தனை பேருக்கு ஐந்து நிமிடம் மிதக்கத் தெரியும்? எண்ணிப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

2. நம் கிளையின் அடுத்த முகாமுக்குத் ‘திரும்பும் நேரம்’ ஒன்றை முடிவு செய்யுங்கள். அதை அறிவிக்கும் அதிகாரத்தைக் குழுவில் வயதில் சிறியவருக்குக் கொடுங்கள். அவர் சொன்னதும் தலைவர் உட்பட எல்லாரும் கட்டுப்பட வேண்டும்.

3. வீட்டில் வைக்க வேண்டிய அந்தத் தாளை இன்றே ஒரு மாதிரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் எந்த வரி காலியாக நிற்கிறதோ, உங்கள் திட்டத்தில் வேலை அங்கேதான் பாக்கி இருக்கிறது.